செட்டியாரைப் படுக்க வைத்தவன் நான்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். வலியசாலையில் கல்யாணச் சமையலுக்குத் தேங்காய் துருவப் போனவன், இன்று கரமனையில் சொந்தமாகக் கல்யாண மண்டபம் கட்டி வைத்திருக்கிறேன். சதுப்பு நிலம், கட்டடம் நிற்காது என்று எஞ்சினீயர் சொன்னார். நிற்கிறது. பழவங்காடியில் பலகாரக் கடை போட்டபோது, மழைக்காலம் வந்தால் மூடிவிடுவான் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் வீட்டுச் சீமந்தத்துக்கும் முறுக்கு என் கடையிலிருந்துதான் போகிறது. இதையெல்லாம் யாரும் மறுப்பதில்லை. ஆனால் எட்டு வயதில் நான் செய்த முதல் காரியத்தை மட்டும், போன மாதம் ஒரு ஹால் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அந்த இன்னொருவர் என் சித்தப்பா. பம்பாயிலிருந்து ஒரு பழைய கேமராவோடு வந்து, உயிரில்லாததை நடக்க வைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பொம்மையைக் கொஞ்சம் நகர்த்துவது, ஒரு படம் எடுப்பது, மறுபடி கொஞ்சம் நகர்த்துவது. ஓட்டிப் பார்த்தால் பொம்மை தானாக நடக்கும். அந்த நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவின் மேல் அவருக்குக் கண் விழுந்தது. மளிகைக்கடைச் செட்டியார் பொம்மை, கடையையும் பெண்டாட்டியையும் விட்டுவிட்டுப் படிப்படியாக இறங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். இதுதான் கதை.

வீட்டை ஆண்டவள் அத்தை. அவள் வாசலை மறித்து நின்றாள்.

"கொலுவில வெச்சாச்சுன்னா சரஸ்வதி இருக்கற எடம்டா அது. விஜயதசமி வரைக்கும் யாரும் தொடப்படாது. நீ செருப்புக்காலோட ஊரெல்லாம் சுத்தினவன், சொல்லவே வேண்டாம்."

"அப்போ என் படம்?"

"படமா பெரிசு? வேணும்னா இந்தப் பயல் தொடட்டும். பூணூல் போடாத கொழந்தைக்கு தோஷமில்லை."

அந்தப் பயல் நான்தான். ஆக, சித்தப்பா ஒரு பொம்மையைக்கூடத் தொடவில்லை. தூரத்தில் நின்று "இன்னும் இத்திரி, இத்திரி" என்பார். அரிசி மணியளவு நான் நகர்த்துவேன். அவர் பித்தானை அமுக்குவார். செட்டியார் படியிறங்கும்போது வயிற்றைத் தாங்குகிற மாதிரி பின்னால் சாய்வாரே, அது அவர் சொல்லித் தந்ததில்லை. எங்கள் தெருவில் மாவு மில்காரர் அப்படித்தான் இறங்குவார், பார்த்துச் செய்தேன்.

விஜயதசமி சாயங்காலம். செட்டியார் கடைசிப் படிக்கு வந்தாயிற்று, திரும்பி ஏற வேண்டியதுதான் பாக்கி. சித்தப்பா சிகரெட் வாங்க வெளியே போனார். சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"வெளக்கு வெச்சாச்சுடா! ஏதானும் ஒரு பொம்மையைப் படுக்க வை."

கொலு முடிந்ததற்கு அடையாளமாக அன்று ஒரு பொம்மையைத் தூங்கப் பண்ண வேண்டும். எங்கள் வீட்டு வழக்கம். கைக்கெட்டினது செட்டியார். மற்றப் பிள்ளைகளாயிருந்தால் சட்டென்று சாய்த்திருப்பார்கள். எனக்கு அத்தனை நாளில் பொம்மையைச் சட்டென்று அசைக்கவே கை வராமல் போயிருந்தது. கொஞ்சம் சாய்த்து, விழாமலிருக்கப் பின்னால் மெழுகு உருட்டி முட்டுக்கொடுத்தேன், ஓடிப்போய்ப் பித்தானை அமுக்கினேன். இன்னும் கொஞ்சம் சாய்த்தேன், அமுக்கினேன். முதலில் உட்காருவது போல, பிறகு கை ஊன்றுவது போல. தலை தரையைத் தொடும் முன் சற்று நிறுத்தி, தன் கடையை ஒருதரம் பார்க்க வைத்தேன். பிறகு தலையைச் சாய்த்துப் படுக்க வைத்தேன், அதோடு ரீல் தீர்ந்துபோனது.

சித்தப்பா வந்தார். பார்த்தார். கன்னத்தில் விட்ட அறையில் காதுக்குள் மணியடித்தது.

"மண்டா! செட்டியார் எப்படிடா இனி கடைக்குப் போவார்?"

"அத்தைதான் படுக்க வைக்கச் சொன்னா!"

"அவளா படம் எடுக்கறா?"

போன மாதம் அந்த ஹாலில், பழைய படங்களைச் சேர்த்துவைக்கிற ஒரு சங்கத்தார் அந்தப் படத்தை எங்கிருந்தோ தேடியெடுத்துத் துடைத்துக் காட்டினார்கள். தாடி வைத்த ஒரு இளைஞர் மைக்கைப் பிடித்து, செட்டியார் படுப்பதைப் பற்றியே பேசினார். ஒரு கலைஞனின் தீர்க்கதரிசனமாம். சந்தையின் மரணமாம். என் சித்தப்பாவின் நுண்மையான விரல்களாம்! நான் எழுந்து, "சாரே, அது என் விரல்" என்றேன். சிரித்தார்கள்.

"அங்கிள் அசிஸ்டண்டாயிருந்நோ?" என்றார் தாடி. உதவியாளனா என்று கேட்கிறார்! என்னிடம்!

"விடுங்கோப்பா, பழைய கதை" என்று மகன் சட்டையைப் பிடித்து இழுத்தான். எப்படி விடுவது?

மெட்ராஸில் கழுவி வந்த ரீலைச் சித்தப்பா சுவரில் வேஷ்டி கட்டி ஓட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செட்டியார் படுத்ததும் அத்தை மூக்கை உறிஞ்சினாள். சித்தப்பா அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி ஓட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்து, நான் பயந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். கத்தரிக்கோல் அவர் மடியிலேயே இருந்தது. பிடிக்காததை வெட்டியெறிகிறவர், அதை வெட்டவில்லை. தன்னால் முடியாத ஒன்றை அன்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எட்டு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

படத்தை வைத்திருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன். சித்தப்பாவின் பெயர் இருக்கட்டும். கேமரா அவருடையது. அதற்குப் பக்கத்தில், அதே பருமன் எழுத்தில், பொம்மைகளை நடக்க வைத்தவன் என்று என் பெயரையும் போட வேண்டும். உதவி என்று போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.