வைக்கோல் லாரியின் உச்சியில்

இராஜாக்கமங்கலம் வயலில் தங்கையன், அவர் மனைவி செல்லம்மை, அவர்கள் பசு, வைக்கோல் வாங்க லாரியோடு வந்த நான். நூற்று இருபது கட்டுகளையும் அடுக்கி முடித்த தங்கையன் உச்சியில் நிற்கிறார். இறங்கப் பயம். கடல் பக்கம் மேகம் கறுக்கிறது. அவர் இறங்காமல் தார்ப்பாய் போட முடியாது. நனைந்தால் வைக்கோல் அழுகிப்போகும்.

"சாடுங்க!" என்கிறார் செல்லம்மை.

"சாடினா காலு ஒடிஞ்சிரும், ஏட்டி. மக்கா, நான் இப்படியே ஒங்க ஊருக்கு வாறேன்."

"கொண்டு போங்க அண்ணாச்சி. திருப்பிக் கொண்டுவராண்டாம்."

பன்னிரண்டு கட்டுகளைக் கீழே தள்ளச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் அவற்றைப் படியாக அடுக்க, அவர் இறங்குகிறார். தூறல் விழுகிறது. படியைப் பிரித்து லாரியின் பின்பக்கம் திணிக்கிறோம். கீழ்ப்படியில் ஒரு கட்டைப் பசு தின்னத் தொடங்கிவிட்டது. செல்லம்மை அந்தக் கட்டை மட்டும் எங்களைத் தொட விடவில்லை.

தார்ப்பாய்க்குள் நூற்றுப் பத்தொன்பது.