சூளைக்குப் போன குருத்தோலை

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறர் சொன்னால் இன்னும் நீளமாகச் சொல்வார்கள். விருத்தாசலத்தில் இருபது வருடம் உபதேசியாராக இருந்தும், சூளைக்குள் எது மிஞ்சும், எது மிஞ்சாது என்று எனக்குத் தெரியாது.

புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்களைத் திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்கா என்கிற ஈஸ்டர் என்று ஒரு வருடம் நடத்திக் கூட்டிப்போவது என் வேலை. கொளஞ்சி அப்படி வந்த பெண்மணி. பீங்கான் கம்பெனியில் சூளைக்குள் பொம்மை அடுக்குகிறவர். காலங்களின் வரிசையைக் கேட்டால், தவக்காலம் முடிந்ததும் பாஸ்காவுக்குப் பதிலாகக் கிறிஸ்துமஸைக் கொண்டுவந்து வைப்பார். "இவங்களுக்கு இந்தப் பாஸ்காவுக்கு ஞானஸ்நானம் வேணாம் ஃபாதர், இன்னொரு வருஷம் போகட்டும்" என்று பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். அன்று கொளஞ்சி முகம் வாடிப்போனது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் பூச, போன வருடக் குருத்தோலையைக் கொளுத்திச் சாம்பல் எடுப்போம். கோயிலுக்குப் பின்னால் கொளுத்தினால் பாதி காற்றோடு போய்விடும். ஊர் முழுக்கச் சூளை இருக்க நமக்கேன் இந்தப் பாடு என்று, ஓலைக்கட்டைக் கொளஞ்சியிடம் கொடுத்தேன்.

"சூளையில வச்சு எடும்மா. பவுடராட்டம் வரும்."

"அந்தச் சூட்டுல சாம்பலே நிக்காதுங்கய்யா."

"விசுவாசம் வேணும், கொளஞ்சி!"

செவ்வாய் சாயங்காலம், ஓலையை வைத்துச் சுட்ட சட்டி வந்தது. உள்ளே சாம்பல் இல்லை; அடியில் பச்சையாக ஒரு கண்ணாடிப் பளபளப்பு. ஆயிரத்து இருநூறு டிகிரியில் சாம்பல் உருகிச் சட்டிக்கு கிளேஸ் போட்டிருந்தது. விடிந்தால் பங்கு மக்கள் அத்தனை பேரும் நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். பக்கத்தில் ஃபாதர் வேறு.

கொளஞ்சி பையிலிருந்து ஓர் ஊறுகாய் டப்பாவை எடுத்தார். கருகருவென்று சாம்பல். பாதி ஓலையை வீட்டிலேயே கொளுத்தி, மாவுச் சல்லடையில் சலித்து வைத்திருக்கிறார்!

ஃபாதர் கேட்டார்: "இத எதுக்கும்மா பூசிக்கிறோம்?"

"போன வருசம் ஓசன்னா போட்டுத் தூக்குன ஓலைங்க சாமி. கத்துனதும் நாமதான், அப்புறம் அவர வுட்டுட்டு ஓடுனதும் நாமதான். அதான் அதையே எரிச்சு நெத்தியில வச்சிக்கிறோம்."

ஃபாதர் என் பக்கம் திரும்பினார். "இவங்களுக்கா இன்னொரு வருஷம் வேணும்னீங்க?"

அந்தப் பாஸ்காவிலேயே கொளஞ்சி ஞானஸ்நானம் பெற்றார். தண்ணீர் அவர் தலையில் விழுந்தது. நெஞ்சு நிமிர்ந்தது எனக்கு. அதற்குப் பிறகு, வரிசை தெரியவில்லை என்று நான் யாரையும் நிறுத்தி வைத்ததில்லை.

பூசை முடிந்ததும் பெருமை தாங்காமல் கேட்டேன்: "உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது யாரு, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்க. அடுத்த வருசம் ஓலையத் தூக்கிக்கிட்டு சூளைப் பக்கம் வராதீங்க."