அறுபதாம் கல்யாணத்துக்கு நாலு காந்த ஷாக்

கீழ்வேளூருக்குத் தெற்கே நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்த ஊரில் ஏதாவது ஒரு சாமான் ஓடாமல் நின்றுவிட்டால், சொந்தக்காரர் முதலில் செய்யும் காரியம் அதைத் துரைராசுவின் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பது. கண்ணில் பட்டால் கழற்றிவிடுவார். மிக்சி, மோட்டார், கோயில் மைக் செட்டு, பக்கத்து வீட்டு நல்லக்கண்ணுவின் மூக்குக் கண்ணாடி வரைக்கும் கழற்றி மாட்டியவர் அவர். பத்தில் எட்டு ஓடும். மீதி இரண்டைப் பற்றி யாரும் அவரிடம் பேசுவதில்லை.

மஸ்கட்டில் ஒரு கிரேன் ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் கிரீஸில் குளித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வந்து அஞ்சு ஏக்கரில் சம்பா போட்டார், ஒரே மகள் மேகலாவைக் கட்டிக்கொடுத்தார். ஆனால் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை. வாயில் வராத வார்த்தைகளை எல்லாம் அவர் கையால்தான் சொல்வார். மனைவி தர்மாம்பாளிடம் சண்டை போட்ட மறுநாள் வீட்டுக் கிரைண்டர் சத்தமில்லாமல் சுற்றும். ‘தப்பு என்மேல்தான்’ என்பதை அவர் சொல்கிற விதம் அது. தர்மாம்பாளும் அதற்குமேல் கேட்பதில்லை, மாவை அரைத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஆனால் இந்த மார்கழியில் அவர் செய்த தப்புக்குக் கிரைண்டர் போதாது.

மஸ்கட்டில் கூட வேலை பார்த்த ஜெக்கரியா அதிராம்பட்டினத்தில் வியாபாரம் செய்கிறார். அவரிடம் வெளிநாட்டுப் பெரிய கார் ஒன்று ஒரு வருஷமாய்ப் படுதா போர்த்தி நின்றது. ஏழு பேர் உட்காரலாம், ஏறுவதற்கே ஒரு படி வேண்டும். குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் நாலும் செத்துப்போனதால் ஜெக்கரியா அதைத் தொடுவதே இல்லை. துரைராசு படுதாவைத் தூக்கிப் பார்த்தார், அவ்வளவுதான், மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. வாங்கிய கையோடு, கூட வந்திருந்த தர்மாம்பாளைப் பின் சீட்டில் ஏற்றி மகாராணி மாதிரி அழைத்துவருவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கு ஓட்டினார்.

தர்மாம்பாளுக்கு மூன்று வருஷமாய் முதுகுத் தண்டில் டிஸ்க் விலகியிருக்கிறது. ராத்திரியில் மணிக்கொரு தடவை எழுந்து உட்காருவாள். திருத்துறைப்பூண்டி தாண்டி, வண்ணம் பூசாத ஒரு வேகத்தடையில் அந்த வண்டி ஏறி விழுந்தது. பின் சீட்டிலிருந்து “அம்மா” என்று ஒரு சத்தம் வந்தது. அதற்கப்புறம் பத்து நாள் அவள் படுத்த படுக்கை. கை கொடுத்துத் தூக்கி உட்காரவைக்கும்போதெல்லாம் துரைராசு ‘தப்பு என்மேல்தான்’ என்று சொல்லப் பார்ப்பார். வாய்க்கு வராது. “கஞ்சி குடிக்கிறியா?” என்று மட்டும் கேட்பார்.

பதினோராம் நாள் தர்மாம்பாள் எழுந்து நின்றாள்.

“மாசியில திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம்னு மண்டபம் சொல்லிட்டீங்கள்ல?”

“சொல்லியாச்சு. வியாழக்கெழமை.”

“நான் அந்த வண்டியில வர மாட்டேன். நீங்க அதுல வாங்க, நான் பஸ்ல வர்றேன். பஸ்ல வந்தும் முதுகு முடியலன்னா, கல்யாணத்த நீங்களே பண்ணிக்குங்க.”

மாப்பிள்ளை காரிலும் பொண்ணு டவுன் பஸ்ஸிலும் வந்து இறங்கும் கல்யாணத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. நல்லக்கண்ணு அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். துரைராசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னால் சொன்னதுதான் என்று முப்பத்தேழு வருஷமாய்த் தெரிந்தவர் அவர். அன்றைக்கே ஜெக்கரியாவுக்குப் போன் போட்டார்.

“பாய், அந்த ஷாக் நாலும் வேணும். துபாய்ல உங்க மச்சான் கிட்ட சொல்லி அனுப்பச் சொல்லுங்க.”

“துரை, இது டிராக்டர் இல்லப்பா. காந்த ஷாக். கம்ப்யூட்டர்லாம் இருக்கு. மெட்ராஸுக்குக் கொண்டுபோய் மாத்து.”

“மெட்ராஸ்காரனுக்கு என் பொண்டாட்டி முதுகப் பத்தி என்ன தெரியும்?”

ஜெக்கரியா மச்சானுக்குச் சொல்லிவிட்டார். ஷாக் கப்பலில் ஏறியது.

பெட்டிகள் வந்து சேர்ந்தபோது கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துரைராசு பழைய மாட்டுக் கொட்டகையின் சிமென்ட் தரையைக் கழுவி, வண்டியை உள்ளே விட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி, ஜாக்கி போட்டுத் தூக்கி, நாலு பக்கமும் இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றி ஒரு நடை நடந்தார். தலைகால் புரியாத சந்தோஷம். கழற்றுவதற்கு இவ்வளவு பெரிய சாமான் அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை.

நல்லக்கண்ணு வாட்சையும் செல்போனையும் வீட்டில் வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த பீரோ சாவியைக்கூட அவிழ்த்துவிட்டார்.

“காந்தம் இழுத்துப்புடும்ல.”

“யோவ், அது கரண்ட் பாஞ்சாத்தான்யா காந்தம்!” என்று துரைராசு விளக்க ஆரம்பித்தார். ஷாக்குக்குள் இருப்பது வெறும் எண்ணெய் இல்லை, மாவு மாதிரி அரைத்த இரும்புத் தூள் கலந்த எண்ணெய். சக்கரம் பள்ளத்தைத் தொட்டதும் கம்ப்யூட்டர் கரண்ட் அனுப்பும். காந்தம் பிடிக்கும், எண்ணெய் இறுகும். கண் இமைக்கிற நேரத்தில் மறுபடி இளகும். மேட்டுக்குத் தக்கபடி, பள்ளத்துக்குத் தக்கபடி. நல்லக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். சாவியை மட்டும் எடுத்துக் கட்டிக்கொள்ளவில்லை.

பழைய ஷாக் கழன்று வர மறுத்தது. அதிராம்பட்டினத்து உப்புக் காற்று கீழ்ப் போல்ட்டைக் கடித்துப் பிடித்திருந்தது. துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடித்துவிட்டு, ஸ்பானரின் வாலில் போர்வெல் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, துரைராசு அதன்மேல் ஏறித் தொங்கினார். போதாமல் நல்லக்கண்ணுவும் தொங்கினார். ‘டக்’ என்று போல்ட் இளகியது, இருவரும் வைக்கோலில் போய் விழுந்தார்கள். விழுந்த இடத்தில் கிடந்தபடியே சிரித்தார்கள். அறுபதை எட்டிப் பிடிக்கும் இரண்டு பேர் இப்படிச் சிரித்தால் என்னவோ ஏதோ என்று தர்மாம்பாள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைச் சுழித்து, உள்ளே போனாள்.

முன்பக்க ஷாக் இரண்டும் ஸ்பிரிங்கோடு சேர்ந்தே வந்திருந்ததால் வேலை சுளுவாய் முடிந்தது. பின்பக்கம் இடதும் ஏறியது. வலது ஒன்றை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்துச் சாக்கின்மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பிட்டு வந்து அதையும் ஏற்றினார். சக்கர வளைவுக்குள் கையை விட்டுத் தடவித் தடவியே ஒயர் பிளக்கைச் செருகினார். வண்டியை இறக்கி, அதன் பாரம் முழுக்கச் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே கீழ்ப் போல்ட்டுகளைக் கடைசி முறுக்கு முறுக்கினார். தூக்கி நிற்கும்போதே முறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும், அது அவருக்கு மஸ்கட் பாடம். பேட்டரியை மாட்டி, வாயெல்லாம் பல்லாகச் சாவியைத் திருகினார்.

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஷாக்கைப் பார் என்றது.

அணைத்துவிட்டுத் திருகினார். எரிந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினார். எரிந்தது. ஜெக்கரியா வண்டியோடு கொடுத்திருந்த சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்தார். பின் வலது, கரண்ட் போகவில்லை என்றது. இடது பக்கத்து ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்தார், வலது பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் ஒயர் சரி. அப்படியானால் புது ஷாக்தான் செத்துப் பிறந்திருக்கிறது.

துரைராசு டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். இன்னொன்று துபாயிலிருந்து வருவதற்குள் பங்குனி வந்துவிடும். வியாழக்கிழமை அவள் பஸ்ஸில் ஏறுவாள், நின்றுகொண்டே வருவாள், வழியில் முதுகைப் பிடித்துக்கொண்டு எங்கேயாவது இறங்கியும் விடுவாள். தாலியைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தார். நல்லக்கண்ணு எழுந்து வீட்டுக்குப் போனார்.

எதற்கும் ஒரு தடவை என்று வண்டிக்கு அடியில் நுழைந்து பிளக்கை உருவி, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். ஷாக்கின் தலையில், பிளக் உட்காரும் சின்னக் குழிக்குள், மஞ்சளாக ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. நடுவில் சிவப்பு. விரலால் தொட்டு முகர்ந்தார்.

சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் யாரோ வந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் வேலையில் இறக்கக் கூடாது என்று நினைக்கிற யாரோ. ஷாக்குக்கு நெற்றி எது என்று தேடி, பொட்டுக்கென்றே செய்தது போல ஒரு குழி தென்பட, அதில் அழுத்தி வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் அந்த யாரோ ஒருத்திதான்.

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி துரைராசு சிரிக்க ஆரம்பித்தார். ஏறவே மாட்டேன் என்றவள் பொட்டு வைத்திருக்கிறாள்! சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து காதுக்குள் ஓடியது. எழுந்து, கிரீஸ் கையோடு நேரே சமையல்கட்டு வாசலில் போய் நின்றார்.

“தர்மு, ஷாக்குக்கு யாரு பொட்டு வெச்சது?”

“எந்த ஷாக்குக்கு?”

“சந்தனம், குங்குமம்.”

“யாரு, நானா? எனக்கு வேற வேல இல்லையா?” என்றாள். ரசத்தைக் கிளறினாள். ரசத்தை யாரும் கிளறுவதில்லை.

“மெஷின் ஓடல. பொட்டத் தொடச்சாத்தான் ஓடும். தொடச்சிடட்டுமா?”

அவள் சட்டென்று திரும்பினாள். “அய்யய்யோ! கெட்டுப்போச்சா? நெசமாவே கெட்டுப்போச்சாங்க? நல்லபடியா இருக்கணும்னுதானே...” பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

துரைராசு சிரித்துக்கொண்டே நடந்தார். கொட்டகைக்குத் திரும்பி ஒரு பழைய பல் பிரஷ்ஷும் ஸ்பிரேயும் கொண்டு அந்தக் குழியைச் சுத்தம் செய்தார். துடைத்த குங்குமத்தைக் கீழே போட மனசு வராமல் தன் நெற்றியிலேயே தீற்றிக்கொண்டார். சாவியைத் திருகினார். மஞ்சள் விளக்கு ஒரு தரம் மினுக்கி, அணைந்தே போனது.

திங்கட்கிழமை காலையில் அவர் கேட்காமலே தர்மாம்பாள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

“கீழ்வேளூர் வரைக்கும்தான். மஞ்சள் வாங்கணும். ஒரு தரம் தூக்கிப் போட்டாலும் எறங்கிருவேன்.”

அவளைப் பின் சீட்டில் உட்காரவைத்து, சீட்டைச் சாய்த்து, இடுப்புக்கு ஒரு தலையணை கொடுத்தார். அறுவடை இயந்திரங்கள் உழுது போட்டிருந்த சாலை அது. கொள்முதல் நிலையத்து லாரிகள் வேறு பள்ளம் வைத்திருந்தன. முதல் பள்ளத்தில் துரைராசு மூச்சைப் பிடித்துக்கொண்டார். வண்டி இறங்கி ஏறியது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதும் அப்படியே. மதகுப் பக்கத்து வேகத்தடையை அது தாண்டிய விதத்தில் அவருக்கு வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஆடலாம் போலிருந்தது.

“எப்படி இருக்கு?”

பதில் இல்லை. கோபமாயிருக்கும் என்று நினைத்தார்.

“வலிக்குதா தர்மு?”

பதில் இல்லை. பயந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தார். தர்மாம்பாள் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். லேசாகக் குறட்டைகூட வந்தது.

கீழ்வேளூர் கடைத்தெரு வந்தது. நிறுத்தினால் விழித்துக்கொள்வாள். துரைராசு நிறுத்தவில்லை, நாகப்பட்டினம் சாலையில் திருப்பினார். நாகையில் திரும்பிவிடலாம் என்று நினைத்தார். நாகையில் நெரிசல், ஹாரன் சத்தம், நின்றால் போச்சு. நாகூரைத் தாண்டினார். மேகலாவிடமிருந்து போன் வந்தது, ரகசியமாய்ப் பேசினார்.

“அம்மா தூங்குறா. வெச்சிரு.”

“எங்கப்பா இருக்கீங்க?”

“காரைக்கால்.”

“காரைக்கால்லயா? எதுக்கு?”

“அம்மா தூங்குறாம்மா!” என்று வைத்துவிட்டார். அதற்குமேல் காரணம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மூன்று வருஷமாய் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்காதவள். ரேடியோவைப் போடாமல், ஹாரனைத் தொடாமல், சாலையில் குறுக்கே வந்த ஆடுகளைக்கூடக் கையைக் கூப்பி ஓரம்போகச் சொல்லி ஓட்டினார். டீசல் முள் இறங்கியது. அவர் மனசு ஏறிக்கொண்டே போனது. இரண்டு வார்த்தை பாடிக்கூடப் பார்த்தார், வாய்க்குள்ளேயே. தரங்கம்பாடியும் போனது.

கடைசியில் முன்னால் போன ஒரு கல்யாணக் கூட்டம்தான் வண்டியை நிறுத்தியது. நாதஸ்வரம் காதில் விழ, தர்மாம்பாள் கண்ணைத் திறந்தாள். எதிரே கோபுரம். மாலையும் கழுத்துமாய் ஒரு வயதான ஜோடி சாலையைக் கடந்துகொண்டிருந்தது.

“எந்த ஊருங்க இது?”

“திருக்கடையூர்.”

“நம்ம கல்யாணம் வியாழக்கெழமைல?”

“வியாழக்கெழமைதான்.”

அவள் அவரைப் பார்த்தாள். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் கிரீஸ் துண்டு, நாலு நாள் தாடி. கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இவ்வளவு நேரமா நான் தூங்குனேன்?”

துரைராசு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையாட்டினார். அப்போதுதான், முப்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக, அந்த வார்த்தை கையை விட்டு வாய்க்கு வந்தது. “அன்னைக்கு அந்த ஸ்பீடு பிரேக்கர்ல... தப்பு என்மேலதான் தர்மு. ரொம்ப வலிச்சிருக்கும்ல?”

தர்மாம்பாள் முன்னால் போன கூட்டம் கோயிலுக்குள் நுழைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையணையைச் சரிசெய்து, கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்தாள்.

“வண்டியத் திருப்புங்க,” என்றாள். “போறப்ப கொஞ்சம் சுத்திப் போங்க. இன்னும் தூக்கம் வருது.”