‘மாப்பிள்ளை சமைக்குமா?’ என்று கேட்ட எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பெரியோர்களுக்கும், அத்தை மாமன்மார்களுக்கும், அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நன்றாகப் படித்த பிள்ளை யாராவது கட்டுரை எழுதட்டும் என்றுதான் வீட்டில் பேச்சு நடந்தது. நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பெரியப்பாதான், “நீயே எழுதுடா. அதுகிட்ட உன்னளவுக்குத் திட்டு வாங்குனவன் எவன் இருக்கான்?” என்றார். எழுதுகிறேன். இதில் ஓரிடத்தில் பெரியப்பாவும் வருவார். அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நம் வீடுகளில் அக்கா ‘வந்துச்சு’, அம்மா ‘சொல்லுச்சு’. பாசமாகத்தான் சொல்கிறோம். அப்பா மட்டும் ‘வந்தாரு’, ‘சொன்னாரு’. இது எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை. அக்காவுக்குப் பட்டது. அதனால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது பாரூரில். ஏரி வாய்க்காலை ஒட்டி அப்பா நெல்லும் கரும்பும் வைத்தார். அக்கா பன்னிரண்டாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அதன்பிறகு கரும்புக்கு அம்மா, குடும்பத்துக்கு அக்கா என்று ஆகிவிட்டது. ஓசூரில் ஒரு கம்பெனியில் ஒயர் பற்றவைக்கும் வேலைக்குப் போனார். பெண்கள் விடுதியில் தங்கி, கொஞ்சம் நிலைத்தபின் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டார். தபாலில் தமிழ் பி.ஏ. படித்தார். கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் வாயைத் திறந்து தூங்குவார்கள். அக்கா கதைப் புத்தகம் படிப்பார். படித்துவிட்டு வந்து என்னிடம் சண்டை போடுவார், நான்தான் அந்தக் கதையை எழுதியவன் போல.

“எந்தக் கதைய எடுத்தாலும் புருசன் ‘வந்தார்’, பொண்டாட்டி ‘வந்தாள்’. ஏன்டா, ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான வந்தாங்க?”

“அந்தாளுக்கு சீட்டு கெடச்சிருக்கும்” என்றேன். புத்தகம் பறந்து வந்தது.

குந்தாரப்பள்ளியிலிருந்து பெண் பார்க்க வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அன்று நடந்தது பலவிதமாகப் பேசப்பட்டிருக்கிறது. நடந்தது இதுதான். மாப்பிள்ளையின் சித்தப்பா, “பொண்ணு நல்லா சமைக்குமா?” என்று கேட்டார். “எல்லாம் சமைக்கும்” என்றார் பெரியப்பா. போண்டாத் தட்டோடு வந்த அக்கா, தட்டை நிதானமாகக் கீழே வைத்துவிட்டு, “மாப்பிள்ள சமைக்குமா?” என்று கேட்டார்.

சித்தப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னாங்க இது? மாப்பிள்ளையப் போயி சமைக்குமான்னு கேக்குது பொண்ணு!”

“கேக்குதா, கேக்கறாங்களா?” என்றார் அக்கா.

பெரியப்பாவுக்குப் போண்டா தொண்டையில் நின்றுவிட்டது. நான்தான் முதுகில் தட்டினேன். கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

திமிர் பிடித்த பெண் என்று பேர் வந்தது. அம்மா அழுதார். அக்கா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “நான் கல்யாணமே வேணாம்னு சொல்லலம்மா. என்னைய ஒரு ஆளா நெனச்சுப் பேசறவங்க வரட்டும்” என்றார். அப்படி யாரும் வரவில்லை. அந்த வருத்தம் அக்காவுக்கு இருந்தது. இல்லை என்று பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வேறு பலர் வந்தார்கள். பாகலூர் ரோட்டில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனிப் பெண்களைக் கூப்பிட்டுக் கதை படிக்கவும் எழுதவும் வைத்தார். எழுத ஒரே ஒரு நிபந்தனை. புருஷன் ‘வந்தார்’ என்றால் பெண்டாட்டியும் ‘வந்தார்’. பெண்டாட்டி ‘வந்தாள்’ என்றால் புருஷனும் ‘வந்தான்’.

அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். புருஷனை ‘வந்தான்’ என்று எழுதக் கை வரவில்லை. தன்னையே ‘வந்தார்’ என்று எழுதக் கூச்சம். பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் அண்ணி என்று கூப்பிடும் மஞ்சுளாதான் வழி கண்டுபிடித்தார். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு.

“அக்கா, எங்க வூட்ல ஆம்பள வந்தா ‘வச்சாடு’. பொம்பள வந்தா ‘வச்சிந்தி’. எரும வந்தாலும் ‘வச்சிந்தி’தான். எரும கூட நாங்க சேந்து இருக்கறப்ப அவரும் வந்து சேந்துக்கட்டுமே” என்றார்.

புருஷன் மாதேஷ் அண்ணனை ‘அது’ என்றே ஒரு கதை முழுக்க எழுதிவிட்டார். அன்று அந்த அறையில் எழுந்த சிரிப்பைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் என்ன ஆயிற்றோ என்று மேலே ஓடிவந்தார்.

அக்காவுக்கு அப்போதே சிறுநீரகக் கோளாறு தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில்தான் மாதேஷ் அண்ணன், “ஞாயித்துக்கெழம என்னா கூட்டம்? வூட்ல வேலையில்லியா? இனிமே போவாத” என்று மஞ்சுளா அண்ணியிடம் சொல்லிவிட்டார். ஒரு வீட்டில் நிறுத்தினால் அடுத்த வீட்டிலும் நிறுத்துவார்கள், அப்புறம் அறையைப் பூட்ட வேண்டியதுதான் என்று அக்கா பயந்தார். உடம்பைப் பற்றிக்கூட அவர் அவ்வளவு கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. “ஒளிஞ்சு ஒளிஞ்சு எழுதறதுனாலதான இந்தப் பேச்சு. எல்லார் வூட்டு ஆளுங்களையும் வரச் சொல்லு. அவங்க முன்னாடியே படிக்கலாம்” என்றார். எழுதியதில் பாதி அவர்களைப் பற்றித்தானே!

மொட்டைமாடியில் பாய் விரித்தோம். மாதேஷ் அண்ணன் தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மஞ்சுளா அண்ணி எழுந்தார். படித்தார்.

“அது வேலை முடிந்து வந்தது. செருப்பை நடுவாசலில் விட்டது. டிவியைப் போட்டது. சோறு கேட்டது. குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளியது. நான் தரையைத் துடைத்தேன். அது தூங்கியது.”

பின்னாலிருந்து யாரோ, “என்னா அது, நாயா?” என்றார்கள்.

“டிவி போடற நாய் எங்க இருக்குது?” என்றார் மாதேஷ் அண்ணனின் அம்மா. மாதேஷ் அண்ணன் பாயிலிருந்து எழப் போனார். அவர் அம்மா வேட்டியைப் பிடித்து இழுத்தார். “டேய், எந்திரிக்காத. எந்திரிச்சா நீதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுரும்.”

அதற்குள் எழுந்துவிட்டார். மாடி முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மஞ்சுளா அண்ணியும் சிரிக்கவில்லை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் இறுகியது எனக்குத் தெரிந்தது.

“அக்கா, நீங்களே சொல்லுங்க. கட்டுன புருசன ‘அது’ன்னு எழுதலாமா?” என்று கேட்டார் மாதேஷ் அண்ணன்.

“தப்புதான் மாதேசு. மரியாதையாத்தான் எழுதணும்” என்றார் அக்கா. “நீயே திருத்திப் படிச்சுரு. எல்லாரும் கேக்கறோம்.”

மாதேஷ் அண்ணன் தாளை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கத் தொடங்கினார். “அவர் வேலை முடிந்து வந்தார். செருப்பை நடுவாசலில் விட்டார். டிவியைப் போட்டார்.” குரல் கொஞ்சம் இறங்கியது. “சோறு கேட்டார். குழம்பில் உப்பில்லை என்று தட்டைத்...” நின்றார். மறுபடி சொல்லிப் பார்த்தார். “தட்டைத் தள்ளினார்.” அடுத்த வரி அவருடையது இல்லை, மஞ்சுளா அண்ணியுடையது. அதில் திருத்த ஒன்றுமில்லை. அவர் அதைப் படிக்கவும் இல்லை.

“இந்த எடத்துல ‘ர்’ ஒக்காரலக்கா” என்றார் கடைசியில். “இங்க ‘து’வே இருக்கட்டும்.”

“அப்ப ‘வந்தார்’ வரைக்கும் மாத்திக்கறேன்” என்றார் மஞ்சுளா அண்ணி. “வர்றப்ப நல்லாத்தான் வர்றீங்க.”

“மாத்திக்க.”

அன்றோடு மாதேஷ் அண்ணன் தங்கமாகிவிட்டார் என்று எழுதினால் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். கடைசி வரியில் திருந்தும் புருஷர்களைக் கதையில் எங்கே கண்டாலும் அவர் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியைத் தன் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டார், அவ்வளவுதான். “இந்த வாரம் யாரப் பத்தி?” என்று கேட்டார். “உங்க தம்பியப் பத்தி” என்றார் அண்ணி. “அப்ப சரி” என்று வண்டியைத் திருப்பினார். மற்ற வீடுகளிலும் யாரும் நிறுத்தவில்லை. தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே சிலர் சீக்கிரம் அனுப்பி வைத்தார்கள்.

பிறகு அக்காவின் உடம்பு இறங்கிக்கொண்டே போனது. ரத்தம் சுத்திகரிக்கப் போகும்போதும் வரும்போதும் மாதேஷ் அண்ணனின் ஆட்டோதான். மஞ்சுளா அண்ணியும் மற்றவர்களும் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் மாறி மாறி உட்கார்ந்தார்கள். ஊசிக்குக்கூட முகம் சுளிக்காத அக்கா, ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு வந்தால் மட்டும் கண் கலங்குவார். தனக்குப் பின் அந்தக் கதவைத் திறக்க யார் இருப்பார்கள் என்ற கவலை.

“அந்த ரூம்ல என் போட்டோ மாட்டிராத” என்றார் என்னிடம். “அப்புறம் பொட்டு வெக்கத்தான் வருவாங்க. எழுத வரமாட்டாங்க.”

“உன் மூஞ்சிய மாட்டுனா பொட்டு வெக்கக்கூட வரமாட்டாங்க” என்றேன். சிரித்தார். அக்கா சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

காரியம் முடிந்த வாரம், அறைச் சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று போனேன். வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. படியெல்லாம் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எத்தன நேரம்டா படியிலயே ஒக்கார வெப்ப? சாவியக் குடு” என்றார் மஞ்சுளா அண்ணி. கொடுத்தேன். திரும்பி என் கைக்கு அது வரவே இல்லை.

அக்காவைக் கைவிடாமல் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த கம்பெனி நண்பர்களுக்கும், பாரூரிலிருந்தும் ஜவளகிரியிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்ற சொந்தங்களுக்கும், சாவியைத் திருப்பிக் கேட்காத வீட்டுக்காரருக்கும், மாதேஷ் அண்ணனுக்கும், மஞ்சுளா அண்ணிக்கும், கோபித்துக்கொள்ளாத பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். இப்போது அம்மாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போகிறார். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல அண்ணி எழுதுகிறார். போன வாரம் பக்கம் பக்கமாகச் சொல்லியிருக்கிறார். “யாரப் பத்தி?” என்று கேட்டேன்.

“உன்னப் பத்தித்தான்” என்றார் அம்மா. அக்கா போனபின் அம்மா அப்படிச் சிரித்தது அன்றுதான்.

முதல் வரிசையில் எனக்கு இடம் போட்டு வைத்திருக்கிறார்களாம். போகிறேன்.

– தம்பி