பங்குதாரர் ஆன குத்தகைக்காரர்

உழாமல் விதைக்கணும், வைக்கோலைக் கொளுத்தாமல் வயலிலேயே பரப்பணும். மண்ணுக்கு நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அதைச் சொல்ல வந்த வேளாண் திட்டக்காரர்களின் தமிழோடுதான் சண்டை.

நன்றாகப் பேசுவேன் என்று சொல்லி, ஆள் சேர்த்துவிட என்னைப் பிடித்தார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. டீக்கடை டீக்கடையாகப் பேசினேன். சம்மதித்தது ஒரே ஒருத்தர்: அச்சன்புதூர்ப் பக்கம் என் வயலை ஒட்டி ஓர் ஏக்கரைக் குத்தகைக்குப் பார்க்கிற அண்ணாச்சி. பிசானப் பருவ நெல்லை அறுத்த கையோடு வைக்கோலைப் பரப்பினார். ஈரம் காயுமுன் உளுந்து ஊன்ற வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் குற்றாலத்தில் அவர்கள் நடத்துகிற கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் வந்தது. பட்டாவைப் பார்த்து விலாசம் எழுதியிருக்கிறார்கள் புத்திசாலிகள்! அது தென்காசியில் இருக்கிற நிலத்துக்காரம்மா வீட்டுக்குப் போய்விட்டது. அவர் ரிட்டயர்டு டீச்சர். பிரித்துப் பார்த்தால், அண்ணாச்சி பேரைப் போட்டு, ‘மதிப்பிற்குரிய பங்குதாரர் அவர்களுக்கு’.

எங்கள் பக்கம் பங்குதாரர் என்றால் சொத்தில் பாதி கேட்டுக் கோர்ட்டில் நிற்கிறவன். அண்ணாச்சியையும் என்னையும் வரச்சொல்லி, டீச்சர் கடிதத்தை நீட்டினார்.

“என் நிலத்துல நீரு எப்பம் வே பங்குதாரர் ஆனீரு?”

“சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர். இவரு பேச்சைக் கேட்டு வைக்கோலைப் பரப்புனேன், அவ்வளவுதான்.”

“அதான் கேள்விப்பட்டேனே. உழ மாட்டேன்னு சொந்தக்காரர் மாதிரி நீரே முடிவெடுத்தாச்சு. கடுதாசி வேற வருது. போதும், வயலை விட்டு இறங்கிக்கிடும்.”

இருபது வருஷமாக அண்ணாச்சி கால் பதித்த மண் அது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பஸ் பிடித்துக் குற்றாலம் ஓடினேன். அருவி நூலாக வடிகிற மாசி மாதம். லாட்ஜில் ஏசி ஹால் சல்லிசாகக் கிடைத்திருக்கும். திரையில் மண்புழு நெளிய, எல்லாரும் முந்திரிக் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். விவசாயி என்று பார்த்தால் நான் ஒருத்தன்தான். அதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லி, “இவர் வெறும் குத்தகைக்காரர்னு ஒத்த வரி எழுதித் தாங்க சார்” என்றேன்.

“அது மேல இருந்து வந்த வார்த்தை சார், இங்கிலீஷ்ல ‘ஸ்டேக்ஹோல்டர்’. விவசாயி, பேங்க், உரக்கடை, நாங்க, எல்லாருமே பங்குதாரர்தான். மாத்த எங்களுக்கு அதிகாரம் இல்ல.” கொஞ்சம் யோசித்தார். “வேணும்னா அந்தம்மாவையும் பங்குதாரராச் சேத்துக்கிடுதோம்.”

அவர் நிலத்தில் அவரையே! அந்தச் செய்தியை நான் டீச்சரிடம் கொண்டுபோகவில்லை. அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது.

அண்ணாச்சியே போய்க் கெஞ்சினார். டீச்சர் இறங்கி வந்து ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: “நான் நின்னு பாக்க, வயலை உழும்.”

மறுநாள் டிராக்டர் வந்தது. டீச்சர் குடையோடு வரப்பில் நின்றார். பரப்பிய வைக்கோலையெல்லாம் அண்ணாச்சியே வாரி ஓரத்தில் குவித்துக் கொளுத்தினார். ரெண்டு சால் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, ஊன்றக் காத்திருந்த ஈரம் முழுக்க வெயிலில் மல்லாந்தது. “இப்பம் சரி” என்று டீச்சர் ஆட்டோ ஏறினார்.

புகைக்குள்ளிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணாச்சி வந்தார்.

“உளுந்து போனாப் போவுது. வயலு கையில நிக்குல்லா, அது போதும். அடுத்த தடவை ஆள் பிடிக்க வந்தாங்கன்னா, என் பேரை மட்டும் சொல்லிராதேயும்.”