பிராசசருக்கு வைத்த பொட்டு

கடத்தூரில் எங்கள் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் சூடேறி அடிக்கடி அணைந்துபோனது. ஃபேனைக் கழற்றி, பிராசசர் மேல் காய்ந்திருந்த பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு துளி வைத்தேன். பக்கத்தில் நின்ற மனைவி, "இது எதுக்குங்க?" என்றாள். சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் என்று ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே! "பொட்டு. இத வெச்சா சூடாவாது" என்றேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, ஆன் செய்த இரண்டாவது நிமிடமே கம்ப்யூட்டர் அணைந்தது. கடை வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்க, திறந்து பார்த்தேன். பூஜைக்குத் துடைத்தபோது மனைவி பேஸ்ட்டைச் சுத்தமாக வழித்தெடுத்துவிட்டு, பிராசசருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள்.

"என்ன வேலை பண்ணி வெச்சிருக்கற?" என்று கத்தினேன்.

"பொட்டு வெச்சா சூடாவாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க. பொய்யுங்களா அது?"

வரிசை மொத்தமும் என் முகத்தைப் பார்த்தது.