நான் கெடுத்த இரண்டு மூட்டை அரிசி

1998 மழைக்காலத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் பெங்களூர் அல்சூரில், ஏரிக்குப் போகிற வழியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினில் எனக்கு வேலை. முதல் ஷிப்ட் முடிந்தால் நாலு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு தையல் கடையை ஒட்டிய அறையில் மளிகைக் கடை ஒன்று இருந்தது. அதற்கு முதலாளி என்று தனியாக யாரும் கிடையாது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நர்ஸ் அம்மா, தெருவில் நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மண்டியா பக்கம் மருந்தடிக்காமல் நெல் போடும் விவசாயி ஒருவரிடம் மாதம் ஒரு மூட்டை கைக்குத்தல் அரிசி வாங்கி, தன் வீட்டு ஹாலில் பிரித்துக்கொடுக்க ஆரம்பித்தார். பிறகு ராகி வந்தது, வெல்லம் வந்தது, செக்கெண்ணெய் டின் வந்தது. ஹாலில் கால் வைக்க இடமில்லை என்று அவர் கணவர் சத்தம் போட்ட பிறகுதான் அந்த அறையை வாடகைக்குப் பிடித்தார்கள்.

நான் சொல்கிற சமயத்தில் நாற்பது குடும்பங்கள் சேர்ந்திருந்தன. டீச்சர், ஆட்டோ ஓட்டுபவர், இஸ்திரிக் கடைக்காரர் என்று பலதரப்பட்டவர்கள். யாருடைய பங்குப் பணம் எவ்வளவாக இருந்தாலும், கூட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு ஓட்டுதான். பங்கு இல்லாதவர்களும் வந்து வாங்கலாம்; பங்குதாரர்கள் முறை வைத்துக் கடையில் உட்கார வேண்டும். அந்த வருடம் கடைக்குப் பொறுப்பாளர் ஆட்டோக்காரர்.

சேர்ந்தது என் மனைவி. எனக்கு அதில் பெரிய மரியாதை இருந்ததில்லை. பணமும் கொடுத்து அங்கே போய் வேலையும் பார்க்கணுமா என்று கேலி செய்வேன். ஒரு வியாழக்கிழமை அவளுடைய முறை. அவளோ அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஆம்பூர் போய்விட்டாள். போகும்போது, "எனக்குப் பதிலா நீங்க ஒரு நாள் உட்காருங்க. சும்மனே உட்கார்ந்தா போதும்," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சும்மா உட்கார என்னால் முடியவில்லை. அரிசி மூட்டையைப் பிரித்தால் கறுப்புக் கறுப்பாக வண்டு ஊர்கிறது. வந்த ஒரு பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், அரிசி நடந்து போவுது?" என்று சிரித்துக்கொண்டே திரும்பிவிட்டார். எனக்கு அவமானமாகிவிட்டது. இத்தனை பேர் சேர்ந்து நடத்தி என்ன பிரயோஜனம், ஒரு வண்டை விரட்டத் தெரியவில்லையே என்று எரிச்சல். எங்கள் வீட்டில் அந்தக் காலத்திலிருந்தே அரிசியில் போரிக் பவுடர் கலந்து வைப்பார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிவந்து, இரண்டு மூட்டையிலும் கொட்டி, கையை முழங்கை வரை விட்டுக் கலந்தேன். அதற்கப்புறம் மூன்று பேருக்கு அளந்தும் கொடுத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி ஊரிலிருந்து வந்தாள். நான் பெருமையாகச் சொன்னேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"போரிக் பவுடரா? அந்த அரிசியிலயா? இந்தக் கடை எதுக்கு இருக்குதுன்னே தெரியாதாங்க உங்களுக்கு?"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் குரல் உடைந்துபோயிருந்தது. அப்படியே என்னை இழுத்துக்கொண்டு நர்ஸ் அம்மா வீட்டுக்குப் போனாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்கெல்லாம் குடுத்தீங்க?" என்பதுதான்.

இரண்டு பேர் பங்குதாரர்கள். ஓடிப்போய் வாங்கிவிடலாம். மூன்றாவது ஆள், நான் அதற்கு முன்னால் பார்த்தேயிராத ஒரு இளம்பெண். இடுப்பில் குழந்தை. குழந்தைக்குக் கஞ்சி மாவு அரைக்க என்று சொல்லித்தான் வாங்கினாள். நர்ஸ் அம்மாவின் முகம் மாறியது. "கைக்குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. உடனே ஆளைப் பிடிங்க," என்றார்.

வீடு தெரியாது. பெயர் தெரியாது. ஆட்டோக்காரர் வந்தார். கேட்டார். வண்டியைத் திருப்பி நிறுத்தினார்.

"கஞ்சி மாவுன்னா மில்லுக்குத்தான் சார் போவணும். இந்தப் பக்கம் மூணு மில்லு. ஏறுங்க."

முதல் மில்லில் அவள் இல்லை. இரண்டாவது மில்லில், மிளகாய் நெடியும் மெஷின் சத்தமுமாக இருந்த கூட்டத்தில், சுவரோரம் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குழந்தை டப்பா மூடியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. நான் போய் எதிரில் நின்றேன். வரும் வழியில் ஆட்டோவில் யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. "அம்மா, அந்த அரிசியில நான் பவுடர் கலந்துட்டேன். குழந்தைக்குக் குடுத்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் குழந்தை வாயிலிருந்த மூடியைப் பிடுங்கினாள். அது வீரிட்டு அழுதது.

"இன்னும் குடுக்கல. பழைய மாவு இன்னிக்கிதான் தீந்துச்சு."

அவ்வளவுதான் பேசினாள். டப்பாவை என் கையில் திணித்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் மில் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆட்டோக்காரர் என் தோளில் கை வைத்து எழுப்பி வண்டியில் ஏற்றினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். எங்களை நீக்கிவிடுவார்கள் என்று நினைத்தே போனோம். என்னை எல்லோர் முன்னாலும் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். பெரிய விவாதம் என்னைப் பற்றி நடக்கவில்லை; வெளியே சொல்வதா வேண்டாமா என்பதைப் பற்றித்தான் நடந்தது. மூன்று பேரிடமும் அரிசியை வாங்கியாகிவிட்டது, சும்மா ஏன் ஊரெல்லாம் பரப்ப வேண்டும், கடை பேர் கெட்டுவிடும் என்று டீச்சர் சொன்னார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆட்டோக்காரர் எழுந்தார்.

"மறச்சா பேஜாராய்டும் டீச்சர். வேற கடையிலயும் இதேதான பண்றான்? கலந்துட்டு மறைக்கிறான். அப்பறம் நம்மளுக்கு எதுக்கு தனியா ஒரு கடை?"

கை தூக்கச் சொன்னார்கள். நாலைந்து ஓட்டு வித்தியாசத்தில், சொல்லிவிடுவது என்று முடிவானது. கடை வாசலில் விலை எழுதும் கரும்பலகையில் நானே எழுதினேன். வியாழக்கிழமை அரிசியில் போரிக் பவுடர் கலந்துவிட்டது, கலந்தது என் தவறு, அந்த அரிசி இனி விற்பனைக்கு இல்லை என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். ஒரு வாரம் அது அழியாமல் இருந்தது. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்பவர்கள்கூட வந்து படித்துவிட்டுப் போனார்கள்.

மண்டியா விவசாயி அடுத்த லோடோடு வந்தபோது அவரிடமும் நான்தான் சொன்னேன். என் வயதுதான் அவருக்கும் இருக்கும். அந்த மூட்டைக்குள் கையை விட்டு அரிசியை அள்ளிப் பார்த்தார். பிறகு, "ஹோக்லி பிடி சார்," என்றார். போகட்டும் விடுங்கள் என்று அர்த்தம். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. கெட்டுப்போன அரிசியை இஸ்திரிக் கடைக்காரர் துணிக்குக் கஞ்சி போட எடுத்துக்கொண்டார். நிறம் மங்கலாக இருந்ததால் காக்கி யூனிபார்முக்கு மட்டும்தான் ஆனது.

அந்த மாதம் இரண்டு குடும்பங்கள் விலகின. யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் நான் கடையில் அரிசி சலித்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் யாரும் கேட்காமலே ஷிப்ட் முடிந்ததும் போய்விடுவேன். வெயில் வந்தால் அரிசியைத் தையல் கடை மாடியில் காயவைப்பது, சலிப்பது, வேப்பிலை போட்டு மூட்டை கட்டுவது எல்லாம் என் வேலையாகியிருந்தது. தலை நிமிர்ந்தால் எதிரே அந்த இளம்பெண்.

"பங்கு சேரணும்னா யாரக் கேக்கணும்?" என்றாள்.

நான் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அவளே சொன்னாள்: "அன்னிக்கி உங்க மேல அவ்ளோ கோவம் எனக்கு. வீட்டுக்குப் போயி யோசிச்சேன். மில்லு மில்லா தேடிக்கினு வந்து, தப்பு பண்ணிட்டேன்னு எந்தக் கடைக்காரன் சார் சொல்வான்?"

விண்ணப்பத் தாளை நான்தான் எடுத்துக்கொடுத்தேன். குழந்தை சலித்த அரிசியில் கையை விட்டு அளைந்தது. அவள் தடுக்கவில்லை.

சில வருடங்களில் கடை பெரிய இடத்துக்கு மாறியது. இப்போது ஊர்க்கோடியில் இருக்கும் வைட்ஃபீல்டிலிருந்தெல்லாம் காரில் வந்து வாங்கிப்போகிறார்கள். நானும் இரண்டு தடவை பொறுப்பாளராகக்கூட இருந்துவிட்டேன். ஆனால் அது என் மனைவியின் கடை என்பது மாறி எப்போது என் கடையும் ஆனது என்று யாராவது கேட்டால், அந்த மில்லில் அவள் எதிரில் நின்று என் தவறை என் வாயால் ஒப்புக்கொண்ட நிமிஷத்தில்தான் என்று சொல்வேன். இன்றும் வேலையில் ஏதாவது பிசகிவிட்டால் மறைக்கத் தோன்றுவதற்கு முன்பே போய்ச் சொல்லிவிடுகிறேன், சொன்ன பிறகு நிம்மதியாகத் தூங்குகிறேன்.